ரெனுவாரின் 1932 துப்பறியும் படம்: தமிழ் வசன வரிகள் பாதியில் விலகுகின்றன, உதவி தேவை

ழான் ரெனுவாரின் 'லா நுய் டு கார்ஃபூர்' படத்துக்குத் தமிழில் வசன வரிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளர் சிமெனோனின் கதை. ரெனுவாரின் அண்ணன் பியேர்தான் இன்ஸ்பெக்டர் மெக்ரே.

என்னிடம் உள்ள கோப்பு வினாடிக்கு 25 ஃபிரேம். நான் நேரக் குறிப்புகளை எடுத்துக்கொண்ட ஆங்கில வரிகள் 24 ஃபிரேம் பிரதிக்கானவை. அதனால் போகப்போக வரிகள் தாமதமாக வந்தன. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் 25க்கு மாற்றியதும் முதல் பாதி கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனால் இரவு கார் துரத்தல் தொடங்கும் இடத்திலிருந்து எல்லா வரிகளும் ஒரே அளவில் பிந்துகின்றன. மொத்தமாக முன்னே நகர்த்தினால் முதல் பாதி கெடுகிறது. வேறொரு பிளேயரிலும் அதே கதைதான்.

என் கோப்பில் ஒரு துண்டு இல்லை என்றே தோன்றுகிறது. இந்தப் படத்தின் சில ரீல்கள் தொலைந்துவிட்டன என்று வெகுகாலமாக ஒரு பேச்சு உண்டு; கதையே அங்கங்கே தாவுவதால், வெட்டு எங்கே என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் துரத்தல் காருக்குள்ளிருந்தே படமாக்கப்பட்டது. இருட்டில் ஹெட்லைட் வெளிச்சம் மட்டும்தான். பேசும்படம் வந்த புதிதில் இவ்வளவு துணிச்சலா என்று வியக்க வைக்கும் இடம். அங்கே வரிகள் பிசகக் கூடாது.

மீட்டெடுத்த பிரதியின் டிஸ்க் வைத்திருப்பவர்களே, துரத்தலுக்குச் சற்று முன்பு அதில் என்னென்ன காட்சிகள் வரிசையாக வருகின்றன?