உணவக வாசலில் தர அட்டை: ஃப்ளோரிடா நண்பர்களே, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் இங்கே ஆர்லாண்டோவில் ஒரு உணவகத்தில் சாப்பிட்ட அம்மா, மூன்று நாள் வயிற்றுப்போக்கில் துவண்டுவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 1998 முதலும் நியூயார்க் நகரில் 2010 முதலும் உணவக வாசலிலேயே ஏ, பி, சி என்று சுகாதாரத் தர அட்டை ஒட்டுகிறார்கள். இங்கேயும் அது வேண்டும் என்று நகர மன்றத்தில் மனு கொடுக்க நினைத்தேன்.

ஆனால் ஃப்ளோரிடா சட்டத்தின் 509.032ஆவது பிரிவு, உணவகச் சுகாதாரமும் சோதனையும் மாநில அரசின் கையில் மட்டுமே என்கிறது. நகரமோ கவுண்டியோ தனி விதி போட முடியாது. நாம் கேட்டால் கடைசிச் சோதனை அறிக்கையைக் காட்ட வேண்டும், சரி. பசித்த பிள்ளைகளோடு போகிறவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாரா?

மாநிலச் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்து மனு கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படித் தொடங்குவது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.