கத்தி கழுவிக்கொண்டே படித்த பெண்கள்

பழைய பெண்கள் பள்ளி எதையாவது நேரில் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்றதும் எனக்கு சவுத் ஹேட்லிதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். மகளைக் கல்லூரியில் சேர்க்க அந்தப் பக்கம் போனபோது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று மவுண்ட் ஹோலியோக்கையும் பார்த்துவிட்டு வந்தோம்.

இப்போது அது பெயர்பெற்ற பெண்கள் கல்லூரி. மேரி லயன் 1837 நவம்பரில் அதைத் தொடங்கும்போது இருந்தது ஒரே கட்டடம், சுமார் 80 மாணவிகள். பச்சை வெல்வெட் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அதற்குப் பணம் திரட்டியிருக்கிறார் அந்த அம்மா. அந்தக் கட்டடம் 1896இல் எரிந்துபோனது. ஆகவே அந்தக் காலத்துப் பெண்கள் அங்கே எப்படி இருந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அவர்கள் எழுதிய கடிதங்களைத்தான் படிக்க வேண்டும். ஊர் திரும்பியதும் நான் தேடிப் படித்தது எமிலி டிக்கின்சனின் கடிதங்களை. பின்னாளில் பெரிய கவிஞர். 1847இல் அங்கே சேர்ந்தபோது 16 வயதுப் பெண், வீடு பத்து மைல் தள்ளி ஆம்ஹர்ஸ்டில்.

தோழிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நாளை அப்படியே சொல்கிறாள். காலை 6 மணிக்கு எழ வேண்டும், 7 மணிக்குச் சாப்பாடு, 9 மணிக்கு எல்லாரும் கூடிப் பிரார்த்தனை. 10:15க்குப் பண்டைய வரலாறு ஒப்பிக்க வேண்டும். 12 மணிக்கு உடற்பயிற்சி, சாப்பிட்டதும் பாட்டு, அப்புறம் பியானோ. சாயங்காலம் 3:45க்கு அன்றைய தவறுகளைத் தாங்களே ஒப்புக்கொள்ளும் நேரம்: தாமதமாக வந்தது, படிக்கிற நேரத்தில் பேசியது, அறைக்குள் ஆள் சேர்த்தது. 4:30க்கு மேரி லயனின் அறிவுரை. இரவு 8:45க்குப் படுக்கை மணி. படிக்கும்போதே எனக்கு மூச்சு முட்டியது.

இதற்கு நடுவில் வேலையும் உண்டு. சமையல், ரொட்டி சுடுவது, துணி துவைப்பது எல்லாம் மாணவிகள் கையில்தான். எமிலியின் பங்கு கத்தி. காலையிலும் மதியமும் ஒரு வரிசைச் சாப்பாட்டு மேசைகளின் கத்திகளை எடுத்துப் போக வேண்டும், இரவில் அத்தனையையும் கழுவித் துடைத்து வைக்க வேண்டும்.

பெண்பிள்ளைக்கு வீட்டு வேலை பழக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வீட்டு வேலை கற்பிப்பது பள்ளியின் நோக்கமே இல்லை என்று மேரி லயன் தெளிவாகச் சொல்லியிருந்தார். வேலைக்காரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை என்றால் கட்டணம் குறையும். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60 டாலர்தான். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் கிடைத்த படிப்பு விவசாயி மகளுக்கும் கிடைத்தது அதனால்தான். வேதியியல் வகுப்பை மேரி லயனே எடுத்திருக்கிறார். அந்தக் கத்திகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அண்ணனுக்கு ஒரு நாள் மதியச் சாப்பாட்டைப் பட்டியலே போட்டு அனுப்புகிறாள்: வறுத்த கன்றுக்குட்டி இறைச்சி, உருளைக்கிழங்கு, பூசணி, குழம்பு, இரண்டு வகை ரொட்டி, வெண்ணெய், கடைசியில் ஆப்பிள் வைத்த மாவு உருண்டை. அதே கடிதத்தில், அப்போது அமெரிக்கா மெக்சிகோவுடன் நடத்திவந்த போர் முடிந்துவிட்டதா, எப்படி முடிந்தது என்றும் கேட்கிறாள். நாடே பேசிக்கொண்டிருந்த சேதி அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வரவில்லை. இது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அதைவிட வருத்தம் மத விஷயம். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்கள், ஏற்கும் நம்பிக்கை உள்ளவர்கள், அந்த நம்பிக்கைகூட இல்லாதவர்கள் என்று மாணவிகளை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எமிலி கடைசிவரை மூன்றாவது பிரிவில்தான். அவ்வளவு பேர் சுற்றி நின்று எதிர்பார்க்கும்போது, மனதில் இல்லாததைச் சொல்ல அந்தப் பெண் மறுத்தது எவ்வளவு பெரிய விஷயம்! 1848 ஆகஸ்டில் வீடு திரும்பியவள் மறுபடி அங்கே படிக்கப் போகவில்லை.

இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் பள்ளியை அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது 1824இல், அதாவது மவுண்ட் ஹோலியோக்குக்கு 13 ஆண்டு முன்னால். உங்கள் பாட்டியோ பூட்டியோ அங்கே விடுதியில் தங்கிப் படித்திருந்தால், அவர்களுக்கும் இப்படி மணியும் வேலைப் பங்கும் இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள்.