நெட் கம்பெனியின் நியூஸ் சர்வர் நின்றுவிட்டது, யூஸ்நெட் குழுக்களை இனி எப்படிப் படிப்பது?

வெள்ளாறு:
வணக்கம். நான் இருப்பது நியூ ஜெர்சியில். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் மெயிலோடு சேர்த்து யூஸ்நெட் என்கிற பழைய இணைய விவாதக் குழுக்களையும் படிக்கிற பழைய ஆள். பார்ப்பது மூன்றே குழுதான்: காம்ப்.லாங்.ஃபோர்ட்ரான், ரெக்.மியூசிக்.இண்டியன்.கிளாசிக்கல், சோக்.கல்ச்சர்.தமிழ். வீட்டுக்கு இணைய இணைப்பு தருகிற உள்ளூர் கம்பெனியே அந்தக் குழுக்களின் பதிவுகளைத் தருகிற நியூஸ் சர்வரும் வைத்திருந்தது. இப்போது அதைத் திறந்தால் "சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வருகிறது. மெயிலும் வெப்பும் நன்றாகவே ஓடுகின்றன. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் யூஸ்நெட் என்ற பேரையே கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது, ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். அதையும் செய்தாயிற்று. கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகுமா?

கேபிள்ராஜா:
சார், நியூஸ் சர்வரோடு பேசுகிற வாசலான போர்ட் 119-ஐ அடைத்திருப்பார்கள். வேறு நெட்டில், உதாரணமாகப் போன் ஹாட்ஸ்பாட்டில், போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தண்டர்பேர்டை ரீஇன்ஸ்டால் செய்யுங்கள்.

பழையமோடம்:
வெள்ளாறு சார், தயவுசெய்து கணக்கை அழிக்காதீர்கள். ரீஇன்ஸ்டாலும் வேண்டாம். அந்தக் கணக்கை நீக்கினால், ஆஃப்லைனில் படிக்க இறக்கி வைத்த பதிவுகளும் கூடவே போய்விடக்கூடும். சர்வர் செத்துவிட்டால் அவற்றை அங்கிருந்து திரும்ப வாங்க முடியாது. முதலில் வேண்டிய பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்பதற்குள் ஒரு அடைவு போட்டு அதில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு மட்டும் இறங்கி உடல் இறங்காத பதிவுகள் வராது.

அப்புறம், கமாண்ட் பிராம்ப்ட்டில் என்எஸ்லுக்கப் என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த நியூஸ் சர்வரின் பெயரைக் கொடுத்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

வெள்ளாறு:
நகலெடுத்துவிட்டேன். நல்ல வேளை, ஃபோர்ட்ரான் குழுவில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. என்எஸ்லுக்கப் போட்டால் அப்படி ஒரு டொமைனே இல்லை என்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் அதே கதை.

பழையமோடம்:
அப்படியானால் போர்ட் பிரச்சினை இல்லை, ராஜா. போர்ட்டை அடைத்திருந்தால் பெயருக்கு முகவரி கிடைக்கும், இணைப்புதான் கிடைக்காது. இங்கே பெயருக்கு முகவரி சொல்கிற டிஎன்எஸ் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். சேவையை மூடியாயிற்று என்று அர்த்தம். உங்கள் கணினியில் ஒரு கோளாறும் இல்லை.

சொல்லாமல் மூடியது அநியாயம்தான். ஆனால் இவ்வளவு காலம் ஓடியதே எனக்கு ஆச்சரியம். பெரிய நெட் கம்பெனியான ஏஓஎல் 2005-லேயே யூஸ்நெட்டை விட்டுவிட்டது. 2008-இல் நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக (அரசுத் தலைமை வழக்கறிஞராக) இருந்த ஆண்ட்ரூ குவோமோ, குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்கள் சில குழுக்களில் பரவுவதைக் காட்டி நெட் கம்பெனிகளை நெருக்கினார். அவருடைய அலுவலகம் சுட்டிக்காட்டியவை 88 குழுக்கள். டைம் வார்னர் கேபிள் என்ன செய்தது? அந்த 88-ஐ மட்டும் நீக்காமல் யூஸ்நெட்டையே நிறுத்திவிட்டது. ஸ்பிரின்ட், ஆல்ட் என்று தொடங்கும் குழுக்களை முழுவதுமாக வெட்டியது. அதே ஆண்டு காம்காஸ்ட், 2009-இல் ஏடி அண்ட் டியும் வெரைசனும், 2010-இல் காக்ஸ் என்று வரிசையாகக் கழன்றுகொண்டார்கள்.

என்னைக் கேட்டால் அந்த நெருக்கடி ஒரு சாக்குதான். பைனரி குழுக்களில் படமும் வீடியோவுமாக ஒரு நாளைக்கே டெராபைட் கணக்கில் வந்து கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு டிஸ்க் வாங்கிப் போட வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பயன்படுத்துகிறவர்களோ கைவிரல் விட்டு எண்ணலாம். எழுத்து மட்டும் ஓடும் குழுக்கள் அதில் தூசு. அவற்றை மட்டும் வைத்திருக்கலாம், யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010 மே மாதம் தன் சர்வரை அணைத்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்றல்:
அண்ணா, வரலாறு இருக்கட்டும், சாருக்கு வழி சொல்லுங்கள் :) கூகுள் குரூப்ஸில் படிக்கலாமே?

பழையமோடம்:
இனி முடியாது தங்கச்சி. 2024 பிப்ரவரி 22-லிருந்து கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டின் புதிய பதிவுகளை எடுப்பதில்லை, அங்கிருந்து எழுதவும் முடியாது. அதற்கு முந்தைய பதிவுகளைத் தேடிப் படிக்கலாம். அது போனதில் நன்மையும் உண்டு, குப்பை விளம்பரங்களில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

சார், யூஸ்நெட் எந்த ஒரு கம்பெனியின் சொத்தும் இல்லை. ஒரு சர்வரில் எழுதியதை அது பக்கத்துச் சர்வருக்குத் தரும், அது அடுத்ததற்குத் தரும். உங்கள் ஊருக்கு வந்த ஒரு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். வேறு சர்வரில் ஏறிக்கொண்டால் அதே குழுக்கள் அப்படியே இருக்கும்.

எட்டர்னல் செப்டம்பர் என்று ஒரு இலவசச் சர்வர் இருக்கிறது. எழுத்துக் குழுக்கள் மட்டும், பைனரி கிடையாது. உங்கள் மூன்று குழுவுக்கு அது தாராளம். அவர்கள் தளத்தில் மெயில் முகவரி கொடுத்துப் பதிந்தால் கடவுச்சொல் வரும். தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய் புதிதாக ஒரு நியூஸ்குரூப் அக்கவுண்ட் சேருங்கள். சர்வர் பெயர் நியூஸ் டாட் எட்டர்னல்-செப்டம்பர் டாட் ஓஆர்ஜி. பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், போர்ட் 563. "எப்போதும் அடையாளச் சான்று கேள்" என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதை மறக்காமல் போடுங்கள்.

வெள்ளாறு:
பதிந்தேன், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்றது, மூன்று குழுவும் வந்துவிட்டன! மிக்க நன்றி. ஆனால் நான் எப்போதோ படித்து முடித்ததெல்லாம் படிக்காததாகக் காட்டுகிறது. எதையாவது தப்பாகப் போட்டுவிட்டேனா?

பழையமோடம்:
இல்லை சார், அப்படித்தான் வரும். படித்தது, படிக்காதது என்ற கணக்கைப் பதிவு எண்ணை வைத்துத்தான் தண்டர்பேர்ட் குறித்துக்கொள்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு சர்வரும் தன் இஷ்டத்துக்குப் போடும். பழைய சர்வரில் 5,000 என்று இருந்தது இங்கே வேறு எண்ணாக இருக்கும். குழுவின் மேல் ரைட் கிளிக் செய்து எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டு இன்றிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று, எழுதும் முன் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். அங்கே போடுவது உலகத்துக்கே தெரியும், ஸ்பாம்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். தினமும் பார்க்கிற மெயிலைப் போடாதீர்கள்.

வெள்ளாறு:
மாற்றிவிட்டேன். ஃபோர்ட்ரான் குழுவில் ஒருவருக்குப் பாதியில் நின்ற பதில் இருக்கிறது. இந்தச் சர்வரிலிருந்து எழுதினால் அந்தப் பழைய இழையிலேயே போய்ச் சேருமா, இல்லை தனியாக நிற்குமா?

பழையமோடம்:
சேரும். எண்தான் சர்வருக்குச் சர்வர் மாறும், ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாளமான மெசேஜ் ஐடி எல்லாச் சர்வரிலும் ஒன்றே. அவருடைய பதிவைப் புதிய கணக்கில் திறந்து, அங்கிருந்தே "ஃபாலோஅப்" அழுத்துங்கள். "ரிப்ளை" அழுத்தினால் குழுவுக்குப் போகாமல் அவருடைய மெயிலுக்குப் போய்விடும்.