46 வயதில் குப்பென்று ஏறும் சூடு: பொறுத்துக்கொள்வதா, மருத்துவரிடம் போவதா?

கேள்வி (பள்ளி ஆசிரியை):
சில மாதங்களாக எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. ஒருமுறை தள்ளிப்போகிறது, மறுமுறை வந்தால் நிற்காமல் அதிகமாகப் போகிறது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறி, ரவிக்கையின் முதுகுப்புறம் முழுவதும் நனைந்துவிடுகிறது. அது அடங்கியதும் குளிரெடுக்கிறது. நள்ளிரவில் விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. அற்பக் காரணத்துக்கெல்லாம் பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறேன். இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்கிறார் மாமியார். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று உடன் பணிபுரிபவர்கள் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில் (செவிலியர்):
சகோதரி, இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கும். மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி அந்த ஏற்ற இறக்கத்தால் தடுமாறுவதால்தான், வெயிலே இல்லாதபோதும் வியர்த்துக் கொட்டுகிறது. ஆகவே மாமியார் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் அதிக உதிரப்போக்கை வயதின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ஸ்கேன் எடுத்துக் கருப்பையைப் பார்க்க வேண்டும், இரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். தைராய்டு பரிசோதனையையும் விடாதீர்கள்: அது கூடினாலும் சூடு, வியர்வை, தூக்கமின்மை என்று இதே தொல்லைகள் வரும். 45 வயதைக் கடந்தவர்களுக்கு எப்.எஸ்.எச். (கருமுட்டையை வளரத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனை பெரும்பாலும் வீண்செலவு. அதன் அளவு நாளுக்கு நாள் மாறும்.

பதில் (மகப்பேறு மருத்துவர்):
ஹார்மோன் சிகிச்சை பற்றிய அச்சம் பெரும்பாலும் 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றிலிருந்து கிளம்பியது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63; அந்த முடிவை நாற்பதுகளில் இருப்பவருக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் வகை என இரு ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் கூடியது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு ஏறத்தாழ எட்டுப் பேர். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குபவர்களில், தொல்லை கடுமையாக உள்ளவர்களுக்குப் பொதுவாக நன்மையே மிகுதி. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோனும் வேண்டும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்குழாயில் இரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், உதிரப்போக்கின் காரணம் தெரியாதவர்களுக்கும் இது ஆகாது. உங்களுக்கு முதலில் ஸ்கேன் என்று மேலே சொன்னது அதனால்தான். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்குக் குறைந்த அளவில் தரப்படும் சில மனச்சோர்வு மருந்துகளும் இந்தச் சூட்டைத் தணிக்கும்.

பதில் (தைராய்டு உள்ள ஒருவர்):
எனக்குத் தைராய்டு குறைவு. கேள்வி கேட்ட அக்காவுக்கும் அப்படியே தெரியவந்தால் ஒரு விஷயம். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும்; கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நம் வீடுகளில் முதல் தம்ளர் காபியைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய சோதனை.

பதில் (செவிலியர்):
ஒன்று விட்டுப்போயிற்று. மாதவிலக்கு தள்ளிப்போகும் இந்தக் காலத்திலும் கரு தங்கக்கூடும். ஐம்பதுக்குள் மாதவிலக்கு நின்றால், கடைசியாக வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள்வரை கருத்தடையைக் கைவிட வேண்டாம். ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது.