பெரியண்ணன் அறுபதாம் கல்யாணம்: குடும்பக் குழு

அலமேலு: விழா நாயகரான அப்பச்சியை (என் அப்பாவை) இந்தக் குழுவில் சேர்க்கவில்லை. யாரும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். சடங்கு மதியத்தோடு முடிந்துவிடும். மாலையில் முகப்பில் திரை கட்டிப் படம் போடலாமா?

பழனியப்பன் சித்தப்பா: தாராளமாக. பஞ்சு அருணாசலம் எழுதிய படமாக இருக்கட்டும்.

கதிரேசன்: யார் அவர்?

பழனியப்பன் சித்தப்பா: காரைக்குடியில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். கண்ணதாசனின் அண்ணன் மகன். கவிஞர் சொல்லச் சொல்லப் பாட்டை எழுதியெடுத்த உதவியாளர். 1965இல் கலங்கரை விளக்கம் படத்துக்கு எழுதிய 'பொன்னெழில் பூத்தது' இவர் பாட்டு, கவிஞருடையது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 1976இல் அன்னக்கிளியில் ராசையா என்ற இளைஞரை நம்பி இசையைக் கொடுத்தார். பாடகர் ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்ததால் 'இளைய' சேர்த்து இளையராஜா என்று பெயர் வைத்தவரும் இவரே.

மீனாட்சி அத்தை: சமையல்காரருக்கு முன்பணம் போய்ச் சேர்ந்ததா?

சொக்கு, சிங்கப்பூர்: எந்தப் படம்?

பழனியப்பன் சித்தப்பா: ஆறிலிருந்து அறுபது வரை. இந்த விழாவுக்கு வேறு எது பொருந்தும்? ரஜினியை வைத்து எல்லோரும் சண்டைப் படம் எடுக்கலாம். தம்பி தங்கைகளை ஆளாக்கிவிட்டு ஒதுக்கப்படும் அண்ணனாக அவரை எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அதே 1979இல் பஞ்சுவின் குடும்ப நிறுவனமான பி.ஏ. ஆர்ட் புரொடக்சன்ஸில் கமலுக்குக் கல்யாணராமன். முரட்டுக்காளையும் சகலகலா வல்லவனும் எழுதிய கையும் அதுதான்.

மீனாட்சி அத்தை: அண்ணே, நாம் மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கதையைப் பார்க்க வேண்டுமா?

சொக்கு, சிங்கப்பூர்: வேண்டாம்.

பழனியப்பன் சித்தப்பா: ஏன் வேண்டாம்? உன் கல்லூரிக் கட்டணத்துக்கு அண்ணி வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தது பொய்யா?

சொக்கு, சிங்கப்பூர்: பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மீனாட்சி அத்தை: தோடு திரும்பவில்லை.

அலமேலு: அம்மா இந்தக் குழுவில் இருக்கிறார்!

கதிரேசன்: கல்யாணராமனே போடுவோம். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மீனாட்சி அத்தை: அதில் கொலையானவன் ஆவியாக வருவான். கல்யாண வீட்டில் ஆவியா?

கதிரேசன்: நல்ல ஆவி, அத்தை.

வள்ளியம்மை அண்ணி: 'கண்மணியே காதல் என்பது' வருவது ஆறிலிருந்து அறுபது வரை படத்தில்தானே? உங்கள் அண்ணனுக்கு அது உயிர். தோட்டைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம்.

பழனியப்பன் சித்தப்பா: அந்தப் பாட்டும் பஞ்சு எழுதியதுதான், அண்ணி. 2016இல் அவர் மறைந்தபோது அண்ணன் அன்று முழுவதும் அதையே போட்டுக் கேட்டார். படத்துக்கு முன்னால் நான் பத்து நிமிடம் பேசுகிறேன்.

கதிரேசன்: ஐந்து.

அலமேலு: திரைக்காரரிடம் நாளை சொல்ல வேண்டும். இந்தப் படம்தான் என்று சொல்லிவிடவா?

சொக்கு, சிங்கப்பூர்: சமையல் முன்பணத்தை நான் அனுப்புகிறேன். படத்தை நான் வந்த பிறகு பேசலாம்.

மீனாட்சி அத்தை: முதலில் மதுரைக்கு எத்தனை மணிக்கு வருகிறாய் என்று சொல். வேன் பேச வேண்டும்.