ஒரே பேரிங் மூன்று முறை: வியூ வழியாகத் திருத்திய மூவரின் அனுபவங்கள்

கிடங்கிலிருந்து தொலைபேசி வந்தபோது மாலை ஆறு மணி. "தம்பி, பேரிங், பெல்ட், ஆயில் சீல் என்று மூன்று பொருள் ஏற்றினேன். திரையில் மூன்று வரியிலும் பேரிங்தான் நிற்கிறது" என்றார் பொறுப்பாளர். அவர்தான் தவறாகத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நினைத்தேன். நேரில் போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை.

எங்கள் தரவு இருப்பது எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில். கிடங்கில் அதைப் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருப்பது ஆக்ஸஸ் என்ற மென்பொருள். ஆர்டர் அட்டவணையையும் ஆர்டர் வரிகளையும் சேர்த்து வியூ (சேமித்து வைத்த வினவல், அட்டவணை போலவே தெரியும்) எழுதி, அதை ஓடிபிசி என்ற இணைப்பு வழியாக ஆக்ஸஸில் இணைத்திருந்தேன். சர்வரில் அந்த வியூவை நேரடியாக ஓட்டினால் மூன்று பொருள்களும் ஒழுங்காக வந்தன. அப்படியானால் கோளாறு இணைப்பில்தான்.

வியூவை இணைக்கும்போது ஆக்ஸஸ் ஒரு கேள்வி கேட்கும்: ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் புலம் எது? வியூவுக்கென்று பிரைமரி கீ (வரிசையின் தனி அடையாளம்) கிடையாது, நாம்தான் சொல்ல வேண்டும். அவசரத்தில் ஆர்டர் எண்ணை மட்டும் சொடுக்கியிருந்தேன். ஓர் ஆர்டரில் மூன்று வரிகள் இருக்கும்போது அது எப்படித் தனித்திருக்கும்? ஆக்ஸஸ் முதலில் அடையாள மதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். பிறகு அவற்றைக் காட்டிப் பத்துப் பத்தாக முழு வரிசைகளைக் கேட்டு வாங்கும். மூன்று அடையாளங்களும் ஒன்றே என்பதால் கிடைத்த ஒரே வரிசையை மூன்று இடத்திலும் நிரப்பிவிட்டது.

என்னைப் பதறவைத்தது அடுத்தது. பெயர் மட்டும்தான் தவறாகத் தெரிகிறது என்று எண்ணி, மூன்றாம் வரியில் ஆயில் சீலின் அளவை 4லிருந்து 40 ஆக்கியிருந்தார் அவர். சர்வரில் பேரிங் 40 ஆகிவிட்டது.

இணைப்பை நீக்கி, ஆர்டர் எண், வரி எண் இரண்டையும் சேர்த்து அடையாளமாகக் கொடுத்ததும் சரியானது. நீக்கி மறுபடி இணைக்கும் ஒவ்வொரு முறையும் இந்தத் தேர்வு போய்விடும். அதனால் அடையாளப் புலங்களைக் குறிக்கும் கிரியேட் யூனிக் இண்டெக்ஸ் கட்டளையை ஆக்ஸஸிலேயே எழுதி வைத்து, இணைத்த கையோடு ஓட்டுகிறேன். அது சர்வரைத் தொடாது, ஆக்ஸஸுக்கு மட்டுமான குறிப்பு. எந்தப் புலத்தையும் தேர்ந்தெடுக்காவிட்டால் வியூ படிக்க மட்டுமே திறக்கும். ஐயம் இருந்தால் அப்படியே விடுங்கள். திருத்த முடியாத திரை யாருடைய இருப்புக் கணக்கையும் கெடுக்காது.

*

எனக்கும் ஆக்ஸஸ்தான், ஆனால் நோய் வேறு. "நீங்கள் திருத்தத் தொடங்கிய பிறகு வேறொருவர் இந்தப் பதிவை மாற்றிவிட்டார்" என்ற பொருளில் எச்சரிக்கை. அலுவலகத்தில் அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை! இரண்டு நாள் தேடிய பிறகுதான் புரிந்தது. பிட் வகைப் புலம் (0 அல்லது 1 மட்டும் வைப்பது) ஒன்றில் சில வரிசைகள் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) ஆக இருந்தன. ஆக்ஸஸின் ஆம்/இல்லை வகைக்கு நல் என்பதே தெரியாது, 0 என்று எடுத்துக்கொள்ளும். சேமிக்கும்போது பழைய மதிப்பு 0 உள்ள வரிசையைத் தேடும், சர்வரில் அப்படி ஒன்று இருக்காது. நல் எல்லாவற்றையும் 0 ஆக்கி, புலத்துக்கு இயல்பு மதிப்பும் கொடுத்தேன். அட்டவணையில் ரோவெர்ஷன் புலம் (வரிசை மாறும்போதெல்லாம் தானாக மாறும் எண்) சேர்த்து அதை வியூவிலும் கொண்டுவந்தேன். அதன்பின் அந்த எச்சரிக்கை வரவில்லை.

*

நான் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும், அதைத் திறந்து பார்க்க டிபீவர் என்ற மென்பொருளும் பயன்படுத்துகிறேன். டிபீவரும் வியூவுக்கு அடையாளப் புலம் கேட்கும், மேலே முதலில் எழுதியவர் சொன்ன கவனம் அங்கேயும் வேண்டும். என் சிக்கல் டிரிக்கரில், அதாவது தரவை மாற்றும்போது தானாக ஓடும் நிரலில். 2013இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து ஒரே அட்டவணையின் மேல் எழுதிய எளிய வியூவைப் போஸ்ட்கிரெஸ் தானாகவே திருத்தவிடும். வரிசைகளைத் தொகுக்கும் குரூப் பை, ஒரே மாதிரி வரிசைகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட் இருந்தாலோ இரண்டு அட்டவணைகளை இணைத்திருந்தாலோ விடாது. என்னுடையது இரண்டை இணைத்தது, எனவே வியூவுக்கு வரும் திருத்தத்துக்குப் பதிலாகத் தானே ஓடும் இன்ஸ்டெட் ஆஃப் டிரிக்கர் எழுதினேன்.

போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லில் ஓட்டிப் பார்த்தால் "அப்டேட் 0", அதாவது எந்த வரிசையும் திருத்தப்படவில்லை என்ற பதில். அட்டவணையைத் திறந்தால் மதிப்பு மாறியிருக்கிறது. திருத்தம் முடிந்த பின் ஓடும் ஆஃப்டர் டிரிக்கர் எழுதிய பழக்கத்தில் கடைசி வரியில் ரிட்டர்ன் நல் என்று விட்டிருந்தேன். இன்ஸ்டெட் ஆஃப் டிரிக்கரில் அதற்கு "இந்த வரிசையில் ஒன்றும் செய்யவில்லை" என்று பொருள். உள்ளே ஓடிய திருத்தம் நிலைக்கும், எண்ணிக்கையில் மட்டும் சேராது. அந்த எண்ணிக்கையை நம்பி ஒரே திருத்தத்தை நான்கு முறை அனுப்பியிருந்தேன். ரிட்டர்ன் நியூ என்று மாற்றியவுடன் "அப்டேட் 1" வந்தது.