‘கிராம்பான்’ தமிழில் என்ன? (ருவென்சோரி கையேடு, அவசரம்)

மொ.க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உகாண்டாவின் ருவென்சோரி மலைகள் தேசியப் பூங்காவுக்கான மலையேற்றக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘கிராம்பான்’ என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். பூட்ஸுக்கு அடியில் வார்போட்டு இறுக்கும் இரும்பு முள்சட்டம் அது. எலினா குடிலிலிருந்து (4,541 மீ.) இருட்டிலேயே கிளம்பி மார்கரிட்டா சிகரத்துக்கு (5,109 மீ.) ஏறுகிறவர்கள் ஸ்டான்லி பீடபூமிப் பனியாற்றில் இதை மாட்டுகிறார்கள், பாறை வந்தால் கழற்றி, அடுத்த பனியாற்றில் மறுபடி மாட்டுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் வருகிறது. கைவசமுள்ள அகராதிகள் கைவிரித்துவிட்டன.

தெ.இரா.:

ஆணிச்செருப்பு. முடிந்தது.

வே.மு.:

எங்கே முடிந்தது? எங்கள் பக்கத்தில் ஆணிச்செருப்பு என்றால் கருப்பசாமிக்கு நேர்ந்து செய்வது. சாமியாடி ஏறி நிற்பார். அதில் ஆணி பாதத்தைப் பார்த்து இருக்கும், இதில் தரையைப் பார்த்து. படிப்பவர் ஆப்பிரிக்காவில் எதற்கு வேண்டுதல் என்று கேட்பார்.

என் முன்மொழிவு: பனிலாடம். மாட்டுக்கும் குதிரைக்கும் எதற்கு லாடம் அடிக்கிறோமோ, அதே வேலை.

புலவர் அ.:

வே.மு. தம்பிக்கு வாழ்த்து. ஆனால் லகரம் மொழிமுதல் வாராது என்பது தாங்கள் அறியாததன்று. இலாடம் என்று கொண்டால் பனி + இலாடம் = பனியிலாடம். தவிர, இலாடம் நம் சொல்லே அன்று. லாட நாடு, அதாவது இன்றைய தென் குஜராத், அங்கிருந்து குதிரை வணிகரோடு வந்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஐயம். காலணிக்கு நம்மிடம் பஞ்சமா? பெரும்பாணாற்றுப்படை ‘அடிபுதை அரணம்’ என்கிறது. அடியைப் புதைக்கும் அரண்! பூட்ஸுக்கு இதைவிட ஒரு சொல் உண்டா? ஆகவே பூட்ஸ் அரணம் எனில், இது முள்ளரணம்.

தெ.இரா.:

பனியிலாடம் என்று அச்சடித்தால் ‘பனியில் ஆடம்’ என்று பிரிப்பார்கள். லாட நாட்டுக் கதைக்குச் சான்று உண்டா ஐயா, அல்லது ஒலி ஒப்புமை மட்டும்தானா?

சி.நா.:

நான் கென்யா மலையில் லெனானா முனை (4,985 மீ.) வரை ஏறியவள் என்பதால் பேசுகிறேன். மலைக்காரர் யாரும் அரணம், இலாடம் என்று வழிகாட்டியிடம் கேட்கப்போவதில்லை. கடையில் வாடகைக்கு எடுக்கும்போது வாயில் வருவது கிராம்பான்தான். அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று: ‘பனி’ என்ற முன்னொட்டே எனக்கு உறுத்துகிறது. காலையில் புல்லில் நிற்பதும் பனி, மூட்டமும் பனி, பூவாய்க் கொட்டுவதும் பனி, இரும்பு போல் இறுகியதும் பனி. ருவென்சோரியில் ஒரே நாளில் நான்கையும் பார்த்துவிடலாம். இந்த முள் வேண்டியது கடைசி ரகத்துக்கு. பூப்போன்ற ஈரப்பனியில் அது உருண்டை உருண்டையாக அடியில் ஒட்டிக்கொண்டு, முள் தரையைத் தொடவே தொடாது. பனிக்கோடரிக் காம்பால் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும்.

வே.மு.:

அம்மா சொல்வது சரி. ஆனால் ‘பனியாறு’ பள்ளிப் பாடநூல் வரை போய்விட்ட சொல். அங்கே திருத்தாமல் இங்கே திருத்தி என்ன பயன்? 1906இல் இத்தாலிய மலையேறி அப்ரூசிப் பிரபு ஏறியபோது ருவென்சோரியில் சுமார் 6.5 சதுர கி.மீ. பனியாறு இருந்தது, 2003இல் 1 சதுர கி.மீ.கூட இல்லை. கையேட்டில் மொத்த அத்தியாயமும் அந்தப் பனியாறு பற்றித்தான்.

தெ.இரா.:

வினை என்ன? லாடம் ‘அடிப்பது’ நிலையானது. இதைக் கழற்றி மாட்டுகிறார்கள். ‘லாடம் கட்டினார்’ என்று எழுதினால் காவல் நிலையம் நினைவுக்கு வரும்.

வே.மு.:

‘மாட்டினார்’ போதுமே.

புலவர் அ.:

1908இல் எக்கன்ஸ்டைன் என்னும் மலையேறி இக்கருவிக்குப் பத்து முள் வைத்தார். 1929இல் கிரிவெல் முன்னே இரண்டு நீட்டினார். செங்குத்தில் உதைத்து ஏற அவ்விரண்டே துணை. இலாடத்துக்கு முன்னே நீட்டு ஏது? முள்ளரணம் என்பதில் எத்தனை முள்ளும் அடங்கும்.

சி.நா.:

அரணம் என்றால் பூட்ஸ் என்று முதலில் யாருக்காவது தெரிய வேண்டுமே ஐயா.

மொ.க.:

அனைவருக்கும் நன்றி. பனிலாடத்துக்கு நான்கு பேர் (இருவர் தனிமடலில்), கிராம்பானுக்கு இருவர், முள்ளரணத்துக்குப் புலவர் ஐயா. முதல் இடத்தில் ‘பனிலாடம் எனும் கிராம்பான்’, பிறகு பனிலாடம் மட்டும் என்று போட்டுவிட்டேன். நீட்டி நிற்பவை ‘முன்முள்’. ‘முன்பல்’ என்று எழுதிப் பார்த்தேன், பல் மருத்துவமனை ஆகிவிட்டது. வழியில் வரும் பிகோ சதுப்புக்கு ‘ரப்பர் பூட்ஸ்’ என்ற சொல் அப்படியே. அதில் பனிலாடம் மாட்டக் கூடாது, அடி நெகிழும் என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன்.

புலவர் அ.:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், இலக்கணத்துக்கு அன்று. குறைந்தது பனியிலாடம் என்றேனும் இடுக. ரப்பர் பூட்ஸுக்குச் சொல் வேண்டுமெனில் தனி இழையில் எழுதுகிறேன்.

சி.நா.:

வேண்டாம் ஐயா, வியாழன் முடியட்டும்.